மரண அறிவித்தலும் மனுவும்: கல்லூரியில் எழுத்து வகைமைகளைக் கற்பது

(கல்லூரி மொழி ஆசிரியர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தமிழ்நாட்டில் ஒரு விழா எப்படி நடக்கும் என்று யாரும் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று நகர்ந்து, சிறப்புரையைத் தாண்டி நன்றியுரைக்கு வரும்போது பாதி நாற்காலிகள் காலியாகியிருக்கும். நாட்டுப்பண்ணோடு முடியும். பேச எழுகிறவர் மேடையில் இருப்பவர்களை ஒருவர் விடாமல் விளிப்பார். விட்டுப்போனால் மனத்தாங்கல் வரும். "நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்" என்பார். முடிக்கமாட்டார் என்பது அவையில் எல்லோருக்கும் தெரியும். நேரத்தைப் பற்றிய தகவலாக யாரும் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வதில்லை. அடுத்துப் பேசக் காத்திருப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்கும் மன்னிப்பு அது.

பள்ளி ஆண்டுவிழாவைப் பார்த்த பத்து வயதுப் பிள்ளைக்கும் இந்த ஒழுங்கு தெரியும். அதே பிள்ளை பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வந்து, "களப்பணி அறிக்கை ஒன்று எழுதிக்கொண்டு வா" என்றதும் திகைத்து நிற்கிறது. விழாக்களை அது நூறு முறை பார்த்திருக்கிறது. களப்பணி அறிக்கையை ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை. முன்னே பின்னே பார்த்திராத ஒன்றை எழுதச் சொன்னால் யாரும் தமக்குத் தெரிந்த வடிவத்திலேயே போய் ஒதுங்குவார்கள். அதனால்தான் எந்த அறிக்கையைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் "முன்னுரை" என்றும் கடைசிப் பக்கத்தில் "முடிவுரை" என்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தத் திகைப்புக்கென்றே ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். ஹார்வர்ட் கல்லூரி 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னது. ஷேக்ஸ்பியர், கோல்ட்ஸ்மித், வால்டர் ஸ்காட் நூல்களிலிருந்து தலைப்புகள். நல்ல பள்ளிகளில் படித்து வந்த பிள்ளைகள் எழுதிய லட்சணத்தைப் பார்த்துப் பேராசிரியர்கள் அதிர்ந்துபோனார்கள். ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் என்ற பேராசிரியர் முன்னின்று நடத்த, 1885இல் முதலாண்டு மாணவர்களுக்கு "இங்கிலிஷ் ஏ" என்ற எழுத்துப் பாடம் தொடங்கியது. மற்றப் பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. அறிவியல், வணிகவியல், பொறியியல் எது படிக்க வந்தாலும் முதலாண்டில் எழுத்து வகுப்பு என்பது அங்கே இன்றைக்கும் பொது வழக்கம்.

அந்த வகுப்பு நெடுங்காலம் பிழை திருத்தும் பட்டறையாகத்தான் இருந்தது. பிழை இல்லாமல் எழுத வந்ததும் கையில் ஓர் அச்சைக் கொடுத்தார்கள்: ஒரு பத்தி முன்னுரை, மூன்று பத்தி கருத்து, ஒரு பத்தி முடிவுரை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் விதத்தை ஆராய்ந்து 1971இல் நூல் வெளியிட்ட ஜேனட் எமிக், இந்த ஐந்து பத்திக் கட்டுரைக்கு "ஐம்பது நட்சத்திரக் கட்டுரை" என்று பெயர் வைத்தார். அமெரிக்கக் கொடியில் ஐம்பது நட்சத்திரங்கள். அவ்வளவு அசல் உள்நாட்டுச் சரக்கு என்ற கேலி. நம் ஊரின் உள்தலைப்புக் கட்டுரையும் இதற்குப் பங்காளிதான். இந்த வடிவத்தைத் தேர்வறைக்கு வெளியே யாரும் கேட்பதில்லை. நீதிமன்றம் கேட்காது, பத்திரிகை கேட்காது, ஆய்வகம் கேட்காது, தாலுகா அலுவலகமும் கேட்காது. உலகத்திலேயே சிவப்பு மை பேனா பிடித்த ஒரே ஒரு வாசகருக்காக உண்டாக்கிய எழுத்து வகை அது.

1984இல் வட கரோலினாவைச் சேர்ந்த கரோலின் மில்லர் எழுதிய கட்டுரை ஒன்று இந்தப் பேச்சின் திசையை மாற்றியது. வகைமை என்பதே ஒரு சமூகச் செயல் என்றார் அவர். ஒரே மாதிரியான சூழல் திரும்பத் திரும்ப வருகிறது. மனிதர்கள் அதற்குத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழுதிப் பதில் செய்கிறார்கள். அந்த ஒற்றுமை நாளடைவில் இறுகி வடிவமாகிறது. அதனால் ஓர் எழுத்தைக் கையில் எடுத்தால் அதற்கு எத்தனை பத்தி என்று எண்ணுவதற்கு முன்னால், அது யாருக்கு என்ன காரியம் முடித்துக் கொடுக்கிறது என்று கேட்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதாக இருக்காது. வகைமைக்கு இலக்கணம் எழுதுவதற்கென்றே நம்மிடம் பாட்டியல் நூல்கள் இருக்கின்றன. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம், உலாவில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள், கலம்பகத்துக்குப் பதினெட்டு உறுப்பு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் கலம்பகத்தில் எத்தனை பாட்டு இருக்க வேண்டும் என்று பாட்டியல் வகுத்திருப்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். தேவர்களைப் பாடினால் 100, அரசரைப் பாடினால் 90, அமைச்சரைப் பாடினால் 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. பாட்டின் எண்ணிக்கையிலேயே சமூகத்தின் படிநிலை உட்கார்ந்திருக்கிறது. வகைமை ஒரு சமூகச் செயல் என்பதற்கு மில்லரே இதைவிடக் கூர்மையான சான்றைத் தேடிப் பிடித்திருக்க முடியாது. மரபு என்று சொல்லப்படுவது எப்போதும் அப்பாவி அல்ல என்பதும் இதில் சேர்ந்தே வருகிறது.

இதை வகுப்பில் எப்படிச் செய்வது? கவிதையிலிருந்தோ ஆய்வுக் கட்டுரையிலிருந்தோ தொடங்காமல், எல்லோரும் பார்த்திருக்கும், யாரும் உற்றுப் பார்த்திராத ஓர் எழுத்திலிருந்து தொடங்குவது நல்லது. சாவுச் செய்தி அப்படிப்பட்டது.

மூன்று காகிதங்களை மேசைமேல் பரப்பிவைத்துக்கொள்ளலாம். முதலாவது, யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல். ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னோர் ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாள் காலமானார் என்று அது தொடங்கும். அடுத்த வாக்கியம் "அன்னார்" என்று எழும்பி ஒரு பத்தி முழுவதும் ஓடும். காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னின்னாரின் அருமைத் தந்தையும், மாமனாரும், மைத்துனரும், சகலனும், பேரனும் ஆவார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் லண்டன், பிரான்ஸ், கனடா, கொழும்பு என்று ஓர் இடம். பிறகு, இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளும் ஒரு வரி. கிரியை நடக்கும் நேரம், தகனம் நடக்கும் இடம், கடைசியில் நாலைந்து நாட்டுத் தொலைபேசி எண்கள்.

இரண்டாவது, தமிழ்நாட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பெரிய படம். தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. ஊரார் கூப்பிடும் பட்டப்பெயர் இருந்தால் அது கொட்டை எழுத்தில். கீழே நண்பர்கள், மன்றம், சங்கம், ஆட்டோ ஸ்டாண்ட் என்று வருந்துகிறவர்களின் பட்டியல். சில போஸ்டர்களில் வருந்துகிறவரின் படம் இறந்தவரின் படத்துக்குச் சவாலாக இருக்கும்.

மூன்றாவது, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் இரங்கல் செய்தி. பெயர், உடனே அவர் வாழ்க்கையில் செய்த காரியம், எந்தக் கிழமை எங்கே இறந்தார் என்பது, இவ்வளவும் ஒரே நீண்ட வாக்கியத்தில். அதற்குப் பின்னால் வெட்டி வைத்தாற்போல ஒரு குட்டி வாக்கியம்: வயது இத்தனை. மனைவி மக்கள் எல்லாம் செய்தியின் வால்பகுதியில்.

இப்போது வகுப்பில் கேட்க வேண்டியது, "இந்த வரியை அடித்துவிட்டால் யாருக்கு என்ன குறையும்?" என்ற ஒரு கேள்வியைத்தான். யாழ்ப்பாண அறிவித்தலில் "ஏற்றுக்கொள்ளுமாறு" என்ற வரி வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும். சாவை நேரில் போய்ச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். உறவு நாலு கண்டத்தில் சிதறிக் கிடக்கும்போது யார் போய் யாரிடம் சொல்வது? இந்தக் காகிதத்தையே நேரில் வந்து சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்த வரி செய்யும் வேலை. நம் கல்யாணப் பத்திரிகையில் நேரில் வந்து அழைத்ததாகக் கருதச் சொல்லும் வரிக்கும் இதே உத்தியோகம்தான். பிறப்பிடமும் வதிவிடமும் ஏன்? ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் ஆளை அடையாளம் காட்ட. உறவுமுறைப் பட்டியல் ஏன் அத்தனை நீளம்? படிக்கிறவர் தாம் எந்த வழியில் சொந்தம், தமக்குத் தீட்டு உண்டா, போக வேண்டியவரா என்று கண்டுபிடிக்க. செத்தவர் உயிரோடு இருந்தபோது என்ன சாதித்தார் என்பது பல அறிவித்தல்களில் ஒரு சொல்லில்கூட வராது. நியூயார்க் டைம்ஸிலோ அதுதான் முதல் வாக்கியம், ஏனென்றால் அதைப் படிக்கிறவருக்கும் இறந்தவருக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. சுவரொட்டிக்கு முகவரியே வேண்டாம், தெருவுக்குத் தெரியும்.

அடுத்து ஒரு மாணவியைத் தன் அப்பத்தாவைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் வடிவத்தில் எழுதச் சொன்னால் சுவாரசியமான சிக்கல் ஒன்று முளைக்கும். பெயருக்குப் பிறகு கமா போட்டு, அப்பத்தா செய்த காரியத்தை எழுத வேண்டும். நாலு பிள்ளைகளை வளர்த்தது, இரண்டு ஏக்கரில் களை எடுத்தது, ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தது, இவற்றில் எதை எழுதுவது? எதை எழுதினாலும் அந்த வாக்கியத்தில் ஒட்டாமல் துருத்திக்கொண்டிருக்கும். அந்த வடிவம் பதவியும் பட்டமும் கண்டுபிடிப்பும் உள்ளவர்களுக்காகச் செதுக்கியது என்பது அவளுக்கு விளங்கும் இடம் அதுதான்.

காரியம் நடக்க வேண்டிய எழுத்துகளில் இந்த அறிவுக்கு இன்னும் கூடுதல் விலை உண்டு. தமிழ்நாட்டில் திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வாசலில், மரத்தடியில், கையில் ஒரு கட்டுத் தாளோடு மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களை வகைமை அறிஞர் என்று அழைக்கவில்லை. ஆனால் வந்தவர் அரை மணி நேரம் அழுது சொன்ன கதையை அவர்கள் ஒன்றரைப் பக்கத்துக்குள் கொண்டுவருவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், பாடத்திட்டத்தில் இல்லாத பல விஷயங்கள் தெரியவரும். அனுப்புநர், பெறுநர், பொருள் இவை பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தவை. "பொருள்" வரிக்குக் கீழே "பார்வை" என்று ஒரு வரி போட்டு, முன்பு எந்தத் தேதியில் கொடுத்த மனு, அலுவலகம் அனுப்பிய பதில் கடிதத்தின் எண் என்ன என்று குறிப்பார்கள். பள்ளியில் பெரும்பாலும் யாரும் சொல்லித்தராத வரி இது. அலுவலக உதவியாளருக்கு மனுவின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்த எண் இருந்தால் பழைய கோப்போடு சேரும். இல்லாவிட்டால் அது புதுக் காகிதம். முதலிலிருந்து மேசை மேசையாகப் பயணம் புறப்படும்.

அதே குறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதும் மனு, பார்வைக்கு அண்ணன் தம்பி போலவே இருக்கும். அதே அனுப்புநர், அதே பெறுநர் வரிசை. உள்ளே வைத்து எழுதுவதோ நேர் எதிர். குறைதீர் மனுவில் கஷ்டத்தைச் சொல்லியாக வேண்டும்: மழை பெய்தால் பள்ளிப் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள், ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(2) பிரிவோ, தகவல் கேட்பவர் காரணமே சொல்ல வேண்டியதில்லை என்கிறது. கஷ்டத்தை எழுதினால் தப்பில்லை, ஆனால் அந்தப் பத்திக்கு அங்கே வேலை இல்லை. "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வந்துவிடலாம், கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று. மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு நியாயம் கற்பிப்பது தகவல் ஆகாது. ஏற்கெனவே பதிவில் இருப்பதுதான் தகவல். எனவே விவரம் தெரிந்தவர்கள் "ஏன்" என்ற சொல்லையே தொடமாட்டார்கள். இன்ன தெருச் சாலைப் பணிக்கு வழங்கிய பணி ஆணையின் நகல், ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்த பட்டியலின் நகல், அளவுப் புத்தகத்தில், அதாவது பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்வதில், அந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல் என்று கேட்பார்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த நகல்கள் கைக்கு வந்ததும் "ஏன்" என்பதற்கான விடை தானாகவே பக்கங்களுக்கு நடுவே தெரிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு மறுபடி குறைதீர் மனுவுக்குப் போவார்கள், "பார்வை" வரியோடு.

ஒரே சாலை, ஒரே ஆள், ஒரே கோபம். எழுத்து மட்டும் இரண்டு. கோபத்தை எந்தக் காகிதத்தில் வைப்பது, எதில் மடித்து உள்ளே வைத்துக்கொள்வது என்று தெரிந்தவரிடம் அதிகாரி கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருப்பார்.

கல்லூரிக்குள் திரும்பி வந்தால், மாணவர்களை அதிகம் மிரட்டும் வகை ஆய்வுக் கட்டுரை. ஜான் ஸ்வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் லிபியாவிலும் சூடானின் கார்ட்டூம் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம் கற்பித்தவர். இலக்கணம் தெரிந்த மாணவர்களும் ஆய்வுக் கட்டுரையின் முதல் பத்தியில் தடுக்கி விழுவது ஏன் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 48 கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்துவைத்து வரி வரியாகப் பார்த்து 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதைத் திருத்திச் செம்மைப்படுத்தி 1990இல் நூலாக்கினார். துறை எதுவானாலும் பெரும்பாலான முன்னுரைகள் மூன்று காய் நகர்த்தல்களில் ஓடுகின்றன என்பது அவர் கண்டது. முதலில், இந்த வட்டாரம் முக்கியமானது, இங்கே பலர் உழைத்திருக்கிறார்கள் என்று காட்டுவது. அடுத்து, ஆனாலும் இங்கே ஒரு மூலை காலியாக இருக்கிறது என்று சுட்டுவது. மூன்றாவது, அந்த மூலையில் துண்டு போட்டு இடம்பிடிப்பது. இரண்டாம் நகர்த்தலை "ஆயினும்", "எனினும்" போன்ற ஒரு சொல் தூக்கி நிறுத்தும். அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுக் கண்டுபிடிக்கப் பழகிய மாணவர், புரியாத துறைக் கட்டுரையைக்கூடப் பாதி வாசித்துவிடுவார்.

யாழ்ப்பாணத்துக்காரரான சுரேஷ் கனகராஜா இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வியோடு வருகிறார். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் அவர். 2002இல் வெளியான அவருடைய நூல் அறிவுலகப் பதிப்பின் புவியரசியலைப் பற்றியது. மின்சாரம் இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் விளக்கில் எழுதி, தாள் தட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டும் ஆசிரியரிடம் மேல்நாட்டு இதழ் கட்டுரையின் பல படிகளைக் கேட்கும். அஞ்சலே ஒழுங்காகப் போய்ச் சேராத இடத்திலிருந்து அவற்றை அனுப்ப வேண்டும். இவையும் வகைமையின் விதிகள்தான், எழுத்துக்கு வெளியே நிற்கும் விதிகள் என்றார் அவர். எழுத்துக்கு உள்ளேயும் மோதல் உண்டு. உள்ளூர் அறிஞர்களின் கட்டுரைகள் பலவற்றில் ஸ்வேல்ஸ் சொன்ன இரண்டாம் நகர்த்தல், அதாவது முன்னோர் விட்ட குறையை விரல்நீட்டிக் காட்டுவது, வெளிப்படையாக இருப்பதில்லை.

ஏன் என்று தமிழ் மரபிடம் கேட்டால் பதில் கிடைக்கும். நூல் தொடங்கும் அதே இடத்தில் நம் புலவர்கள் அவையடக்கம் பாடினார்கள். கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாக வைத்துக்கொண்டார். ஸ்வேல்ஸின் கட்டுரையாளர் "மற்றவர்கள் விட்டுவிட்டார்கள், ஆகவே எழுதுகிறேன்" என்கிறார். அவையடக்கம் பாடுகிறவர் "மற்றவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், ஆனாலும் ஆசை விடவில்லை" என்கிறார். நிற்கும் இடம் ஒன்று, செய்கிற காரியமும் ஒன்று: பேசுவதற்கு அவையிடம் அனுமதி கேட்பது. கேட்கும் முறை மட்டும் தலைகீழ். இதைப் புரிந்துகொண்ட மாணவர் பணிவை விட்டுவிட வேண்டியதில்லை. எந்த அவையில் எந்த அனுமதிச் சீட்டு செல்லும் என்று பார்த்து எடுத்துக்கொள்வார். புரியாதவர் ஆங்கில இதழுக்கு அவையடக்கத்தை அனுப்பிவிட்டு, நடுவர் "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டதும் மனம் உடைந்துபோவார்.

வடிவம் ஒருமுறை இறுகிவிட்டால் எப்போதும் அப்படியே இருந்ததாக நினைத்துக்கொள்வது மனித சுபாவம். முன்னுரை, முறைகள், முடிவுகள், விவாதம் என்ற நான்கு பிரிவு வரிசையை அறிவியலின் இயற்கை என்றே பலர் நம்புகிறார்கள். 1665இல் லண்டனில் தொடங்கிய ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ் இதழின் ஆரம்பக் கட்டுரைகள் பல, கடிதமாக வந்தவை. நான்கு புகழ்பெற்ற மருத்துவ இதழ்களைப் பின்னோக்கிப் பார்த்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. இந்த நான்கு பிரிவு 1940களில்தான் அவற்றில் தலைகாட்டியது, 1980களில்தான் முழுமையாக ஆட்சியைப் பிடித்தது என்று அது காட்டுகிறது. டிஎன்ஏயின் இரட்டைச் சுருளை அறிவித்து வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் வெளியிட்டது ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கட்டுரை. அதில் முறைகள் என்ற பிரிவே கிடையாது. மருத்துவ நோபல் பெற்ற பீட்டர் மெடவார் 1963இல் அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்று வானொலியிலேயே கேட்டார். தரவு பொய் என்பது அவர் குற்றச்சாட்டு அல்ல. விஞ்ஞானி தட்டுத்தடுமாறி யோசித்த பாதையைக் கட்டுரையின் வரிசை மறைத்து, எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோலக் காட்டுகிறது என்பதுதான்.

வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்பதை 2005இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் மூன்று பேர் காட்டினார்கள். கணினி அறிவியல் கட்டுரைபோலவே தோன்றும் உளறலை உற்பத்தி செய்யும் சை-ஜென் என்ற மென்பொருளை எழுதினார்கள். வரைபடம், அடிக்குறிப்பு, மேற்கோள் எல்லாம் சுத்தமாக இருக்கும், பொருள் மட்டும் இருக்காது. அதில் தயாரித்த ஒரு கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. சிரித்து மறந்த கதையாக இது முடியவில்லை. அதே மென்பொருள் துப்பிய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஸ்பிரிங்கர், ஐஇஇஇ என்ற இரண்டு பெரிய பதிப்பகங்கள் 2014இல் தங்கள் தொகுப்புகளிலிருந்து நீக்க வேண்டிவந்தது. இன்றைக்கு எந்த மாணவரின் கைப்பேசியிலும் அதைவிடப் பல மடங்கு திறமையான இயந்திரம் இருக்கிறது. விண்ணப்பம், அறிக்கை, முன்னுரை எதைக் கேட்டாலும் அச்சு அசலாகத் தரும். படிவத்தை நிரப்பத் தெரிந்தால் போதும் என்று நடத்திய எழுத்து வகுப்புக்கு இனி என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

சரி, இதைச் சொல்லிக் கொடுக்கத்தான் முடியுமா? இதில் இரண்டு கட்சி உண்டு. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தின் அவிவா ஃப்ரீட்மன், சட்டப் பாடம் எடுத்த இளங்கலை மாணவர்களைக் கூர்ந்து கவனித்தார். யாரும் விதி சொல்லித்தராமலே, மாதிரிகளைக்கூட வாசிக்காமலே, வகுப்பில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவர்கள் அந்தத் துறைக் கட்டுரையின் நடையைப் பிடித்துவிட்டார்கள். வெளிப்படையாக விதி சொல்லிக் கற்பிப்பதால் என்ன பயன் என்று 1993இல் அவர் கேட்டது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பள்ளியினர், ஜிம் மார்ட்டினும் ஜோன் ராதரியும் அவர்களோடு சேர்ந்தவர்களும், 1980களிலிருந்தே எதிர்த்திசையில் வேலை செய்தார்கள். பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குப் போய், அறிக்கை என்றால் இன்ன கட்டம், விளக்கம் என்றால் இன்ன கட்டம் என்று பிட்டுப்பிட்டு வைத்தார்கள். வீட்டில் புத்தக அலமாரி உள்ள பிள்ளை காற்றிலேயே கற்றுக்கொள்ளும். இல்லாத பிள்ளைக்கு யார் சொல்வது என்பது அவர்கள் வாதம்.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நிறைந்த தமிழ்நாட்டு வகுப்பறையில் சிட்னிக்காரர்களின் பக்கம்தான் நியாயம் அதிகம். விதியை மறைத்துவைத்தால் ஏற்கெனவே தெரிந்தவருக்கே அது லாபம். ஆனால் ஃப்ரீட்மனின் எச்சரிக்கையைக் கைவிட முடியாது: பிட்டுவைத்த விதி மறு ஆண்டே நோட்ஸ் புத்தகத்தில் ஏறிவிடும். ஏறியபின் அதுவும் ஐந்து பத்திக் கட்டுரைதான்.

இடையில் ஒரு வழி தெரிகிறது. அமெரிக்காவில் மேரி ஜோ ரீஃப், அனிஸ் பவார்ஷி இருவரும் இரண்டு பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவர்களை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். புது வகை எழுத்து ஒன்றைக் கொடுத்ததும், "இது எனக்குத் தெரிந்த கட்டுரைதான்" என்று பழைய அச்சை இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு சாரார். "இது பள்ளியில் எழுதிய கட்டுரை மாதிரி இல்லை, கதையும் இல்லை, அறிக்கையும் இல்லை" என்று இல்லை இல்லை என்றே பேசியவர்கள் இன்னொரு சாரார். இரண்டாவது சாராரின் தயக்கத்தில்தான் சரக்கு இருந்தது. அவர்கள் பழைய வகைகளை உடைத்து, வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்துப் புதியதில் பொருத்தினார்கள். உறுதியாகப் பேசியவர்கள் எல்லைக்குக் காவல் நின்றார்கள். தடுமாறிப் பேசியவர்கள் எல்லையைத் தாண்டினார்கள். முதல் வாரத்தில் "தெரியும் சார்" என்று கையைத் தூக்கும் மாணவரைவிட, "இது எந்த மாதிரியும் இல்லையே சார்" என்று முனகும் மாணவரை ஆசிரியர் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பது நல்லது.

இதற்காகப் புதுப் பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஒரு தேர்வுக் கேள்வியை மாற்றினாலே போதும். "உங்கள் பகுதிக்குச் சாலை வசதி கேட்டு ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக" என்ற கேள்விக்கு விடை எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. தெருப் பெயர்கூட மாறாமல் திருத்துகிறவர் கைக்கு வரும். அதற்குப் பதிலாக வினாத்தாளில் இரண்டு மனுக்களை அச்சிடலாம், ஒன்று குறைதீர் மனு, மற்றது தகவல் கேட்கும் மனு, இரண்டும் ஒரே சாலையைப் பற்றியவை. ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று வரிகளை உருவிக் கீழே கலைத்துப் போட்டுவிட்டு, எந்த வரி எங்கே போக வேண்டும், அது இல்லாவிட்டால் அந்த அலுவலகத்தில் யாருடைய வேலை நிற்கும் என்று கேட்கலாம். பத்து மதிப்பெண். விடைக்குறிப்பு தயாரிப்பதுதான் கொஞ்சம் சிரமம். பிள்ளைகள் விழுந்து அடிபடுகிற வரியைத் தகவல் மனுவில் வைத்துவிட்டு, முதல் மேல்முறையீட்டில் அவசரத்தைக் காட்ட உதவும் என்று ஒரு மாணவர் காரணம் எழுதியிருப்பார். திருத்தும் மையத்தில் கட்டுக் கட்டாக விடைத்தாள்களோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் அதைத் தவறு என்று அடித்துவிடாதபடி, காரணம் பொருந்தினால் அதற்கும் மதிப்பெண் தரலாம் என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.